கேதீச்சரத்துக்குச் சில்லறை

பயணத்துக்கு இருபது நாள் இருக்கையில் பத்ரிநாராயணனின் அறிவிப்பு வாட்ஸ்அப்பில் வந்தது. அவர் செம்பூரிலிருந்து யாத்திரைகள் நடத்துகிறவர். பாகீரதி பாடும் தேவாரப் பதிகக் குழுவை இம்முறை இலங்கைக்கு அழைத்துப் போகிறார். மன்னார்ப் பக்கம் திருக்கேதீச்சரம், திருகோணமலையில் கோணேசர். கடலுக்கு அப்பால் பதிகம் பெற்ற தலங்கள் அவ்விரண்டே. தங்குமிடத்துக்குத் தலைக்கு நானூறு டாலர் கொழும்பில் கட்ட வேண்டும். இலங்கை ரூபாய் மும்பையில் கிடைப்பது அரிது. ஆகவே எல்லாரும் டாலராகவே எடுத்து வரவும். குடும்பத்துக்கு ஒருவர் பணப் பொறுப்பு ஏற்பது நலம் என்று அறிவிப்பு முடிந்திருந்தது.

அந்தக் கடைசி வாக்கியத்தைப் பாகீரதியின் கணவர் சுப்ரமணியன் இரண்டு முறை உரக்க வாசித்தார். மாட்டுங்காவின் அந்தச் சிறிய கூடத்தில் மூன்றாம் முறையும் வாசித்திருப்பார். மனைவி நிமிர்ந்து பார்த்ததால் நிறுத்திக்கொண்டார்.

"பாத்தியோ பாகீ, நான் சொன்னதைத்தான் பத்ரியும் சொல்றார். பணம் ஒரே கையில இருந்தாத்தான் பத்திரம்."

"எந்தக் கையில?"

"இதென்ன கேள்வி? என் பெல்ட்லதான்."

பெல்ட் என்று அவர் சொன்னது கால்சட்டைக்குள் இடுப்பைச் சுற்றிக் கட்டிக்கொள்ளும் துணிப் பை. இரண்டாண்டுக்கு முன் நேபாளம் போனபோது வாங்கியது. அதில் பணத்தை வைத்தால் திருடனால் எடுக்க முடியாது என்பது மெய். அவராலும் எளிதில் எடுக்க முடியாது என்பது அதைவிட மெய். ஒரு பாட்டில் தண்ணீர் வாங்குவதென்றாலும் மனிதர் மறைவிடம் தேடிப் போய்ப் பொத்தானை அவிழ்த்து மீள வேண்டும். காத்மாண்டுவில் பாகீரதி தேநீர் குடித்ததைக் காட்டிலும் கழிப்பறை வாசல்களில் அவருக்காகக் காத்து நின்றதே அதிகம்.

அதையெல்லாம் சிரித்துக் கடந்துவிடலாம். கடக்க முடியாதது ஒன்று உண்டு. பாக்மதி ஆற்றங்கரையில் மாலை வழிபாட்டு நேரம். இலைத் தொன்னையில் பூவும் நெய்த் திரியும் வைத்து ஒரு பெண் நீட்டினாள். ஏந்த வேண்டுமென்று பாகீரதியின் கை தானே எழுந்தது; எழுந்த கையில் ஒரு காசு இல்லை. சுப்ரமணியன் முழங்கால் வலியென்று பேருந்திலேயே உட்கார்ந்திருந்தார். தொன்னைக்காரி சற்று நேரம் நின்று பார்த்துவிட்டு, அடுத்தவளிடம் நகர்ந்தாள். அந்த அடுத்தவள் ரஞ்சனா, குழுவில் பாகீரதிக்குப் பக்கத்தில் அமர்ந்து பாடுகிறவள். "மாமி, இந்தாங்கோ, என்னண்டை இருக்கு" என்று அவள்தான் இருவருக்கும் கொடுத்தாள். தண்ணீரில் இறங்கிப் போன அந்த விளக்கு பாகீரதியின் கையிலிருந்து போனது, அவளுடையதாகப் போகவில்லை.

பேருந்தில் ஏறிச் சொன்னபோது சுப்ரமணியன் ரஞ்சனாவுக்கு உடனே பணத்தைத் திருப்பிவிட்டார். நேர்மையானவர்தான். பிறகு எல்லார் காதிலும் விழும்படி, "கேட்டிருந்தா குடுத்திருப்பேனே, நான் என்ன மாட்டேன்னா சொன்னேன்?" என்றார்.

கேட்டிருந்தால்! கேட்பதென்றால் ஈசன் ஒருவனிடம் கேட்கலாம். கேளாமலே கொடுத்தவன் அவன் என்றுதான் நாற்பது ஆண்டுகளாக அவள் பண்ணோடு ஓதி வருகிறாள். அவனுக்கும் அவளுக்கும் இடையில் ஒரு கால்சட்டைப் பை தரகு பார்ப்பானேன்?

"இந்தத் தடவை என் செலவுக்குப் பணம் என் கையில வேணும்," என்றாள் பாகீரதி. "பூ, எண்ணெய், அர்ச்சனை. எனக்குத் தோணின இடத்துல தோணினதைக் கொடுக்கணும்."

"உனக்கு டாலர் என்னத்துக்கு? டாலரைக் கொண்டுபோய் பூக்காரியண்டை நீட்டுவியோ?"

"கொழும்புல இறங்கினதும் கொஞ்சம் மாத்திப்பேன். சின்ன நோட்டா வாங்கித் தாங்கோ."

"சின்ன நோட்டுக்கு அங்க ரேட் கம்மி. நூறு டாலர் நோட்டுன்னாத்தான் முழு ரேட். தெரியாத விஷயத்துல தலையிடாதே."

அத்துடன் அவர் குளிக்கப் போய்விட்டார். தெரியாத விஷயம்! மாநகராட்சியின் தண்ணீர் வரிப் பிரிவில் முப்பத்தோராண்டு உட்கார்ந்து, பெரிய பெரிய கட்டடக்காரர்களின் பாக்கியையெல்லாம் பைசா பிசகாமல் வாங்கியவள் அவள். ஓய்வூதியம் அவள் பெயரில் வருகிறது. வங்கிப் புத்தகம் மட்டும் கணவரின் பீரோவில் இருக்கிறது. அது எப்போது அங்கே போனது என்று எண்ணிப் பார்த்தாள், நினைவுக்கு வரவில்லை.

இரண்டு நாள் கழித்துக் கிங் சர்க்கிள் பக்கத்தில் உள்ள நாணய மாற்றுக் கடைக்கு இருவரும் போனார்கள். பயணிகள் நேரில் வந்து கையெழுத்திட வேண்டும் என்று கடையில் சொல்லியிருந்தார்கள். இல்லையேல் சுப்ரமணியன் தனியாகவே போயிருப்பார். கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் தலையில் சாம்பல் நிற முக்காடிட்ட ஓர் இளம்பெண் இருந்தாள். சட்டையில் சஃப்ரீன் என்று பெயர்ப்பட்டை. இவர்கள் பேசிக்கொண்டு வந்ததைக் கேட்டதும் இந்தியைக் கைவிட்டாள்.

"தமிழா நீங்க? வாங்க, உக்காருங்க அங்கிள். நமக்குத் தாராவிதான். வாப்பாவுக்குத் திருநெல்வேலிப் பக்கம்." இரண்டு பாஸ்போர்ட்டையும் இரண்டு பான் அட்டைகளையும் வாங்கி வரிசையாக வைத்தாள். "எவ்வளவு வேணும்?"

"ஆயிரத்து நானூறு டாலர். எல்லாம் நூறு நூறா," என்றார் சுப்ரமணியன். "ரெண்டு செக் இருக்கு."

"ஆளுக்கு எழுநூறு, என்ன? சரி." சஃப்ரீன் காசோலைகளைப் புரட்டினாள். "இது உங்களுது. இது ஆன்ட்டி அக்கவுண்ட். சஹீ ஹை, சரியா இருக்கு. கேஷ்னா ஐம்பதாயிரத்துக்கு மேல வாங்கக் கூடாது பாருங்க, அவங்கவங்க அக்கவுண்ட்லேருந்துதான் வரணும்."

பாகீரதி தடுப்புக்குக் கீழே கையை நீட்டினாள். "அந்தச் செக்கை ஒரு நிமிஷம் காட்டும்மா."

தன் கையெழுத்துத்தான். முந்திய வாரம், இன்சூரன்ஸ் காகிதங்களோடு சேர்த்து, "இதுலயும் ஒண்ணு போட்டுடு, நேரமாறது" என்று சுப்ரமணியன் நீட்டிய வெற்றுக் காசோலை. அன்று கேட்காமல் போட்டாள். இன்று அதில் அறுபதினாயிரத்துக்கு மேல் ஒரு தொகை அவருடைய முத்து முத்தான எழுத்தில் நிறைந்திருந்தது.

பணம் போவதில் அவளுக்கு வருத்தமில்லை. கேதீச்சரத்தானைக் காணப் போகிற செலவு அவளுக்குச் செலவே அல்ல. தன் பெயர் வேண்டும், தன் பான் அட்டை வேண்டும், தன் ஓய்வூதியம் வேண்டும், தன் கையெழுத்தும் வேண்டும். இவ்வளவும் கொடுத்து வாங்கிய நோட்டில் ஒன்று தன் கைக்கு வேண்டுமென்றால், அதற்கு மட்டும் விண்ணப்பம் செய்ய வேண்டும். இப்படி ஒரு நியாயத்தை எந்த ஊர் மன்றத்தில் சொல்லி எந்தச் சபை ஒப்பும்?

"ஆன்ட்டி, நீங்க இங்க சைன் பண்ணுங்க," என்று சஃப்ரீன் படிவத்தை நகர்த்தினாள். "இந்தப் பணம் உங்க சொந்தப் பயணச் செலவுக்குன்னு எழுதியிருக்கு. அதுக்குத்தான்."

"அப்படியா எழுதியிருக்கு?"

"ஆமா. பர்சனல் யூஸ். இங்க பாருங்க."

பாகீரதி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, அந்த வாக்கியத்தை ஒரு முறைக்கு இரு முறை படித்தாள். பேனாவை எடுக்கவில்லை.

"போடு பாகீ, பின்னாடி ஆள் நிக்கறது," என்றார் சுப்ரமணியன்.

"பொய்க் கையெழுத்து நான் போட மாட்டேன்."

"என்ன பொய்?"

"என் சொந்தச் செலவுக்குன்னு எழுதியிருக்கே. என் சொந்தச் செலவுக்கு நீங்க ஒத்தை டாலர் தரலையே. அப்ப இது பொய்தானே?"

"ஐயோ, இதென்ன கூத்து! ஒரு ஃபார்மாலிட்டிடீ இது."

"முப்பத்தோரு வருஷம் ஃபார்மாலிட்டியிலதான் சோறு சாப்ட்டேன். எது ஃபார்மாலிட்டி, எது ஏமாத்துன்னு நேக்குத் தெரியும்."

வரிசையில் பின்னால் நின்றவர் கைப்பேசியிலிருந்து கண்ணை எடுத்தார். சுப்ரமணியனின் காது சிவந்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஏமாத்தா? நாப்பது வருஷமா உன்னை நான் ஏமாத்தினேனா? உன் பணத்தை நான் தின்னேனா?"

"தின்னேள்னு நான் சொல்லலை. தின்னிருந்தாக்கூடப் போறதுன்னு விட்டிருப்பேன். நான் கேக்கணும், நீங்க குடுக்கணும். அதுல ஒரு ருசி இருக்கு பாருங்கோ, அதைச் சொல்றேன். பத்து ரூபாய் விளக்குக்கு நாலு பேர் முன்னாடி கை மடக்கி நின்னேனே, அதைச் சொல்றேன். சஃப்ரீன், அந்தச் செக்கை எங்கிட்டயே குடுத்துடு."

சஃப்ரீன் இரு முகங்களையும் மாறி மாறிப் பார்த்தாள். சிரிப்பு வந்தது போலிருந்தது, அடக்கிக்கொண்டாள். "செக் ஆன்ட்டியோடது, அங்கிள். ஆன்ட்டி கேட்டா நான் குடுத்துதான் ஆகணும்," என்று தடுப்புக்குக் கீழே அதை நகர்த்தினாள்.

"நீ சும்மா இரும்மா!" என்றார் சுப்ரமணியன். பிறகு மனைவி பக்கம் திரும்பி, "செக்கை வாங்கிண்டா அங்க ஓட்டலுக்கு என்னத்தைக் கட்டறது? ஆளுக்கு நானூறு டாலர்."

"உங்களுதை நீங்க கட்டுங்கோ. என்னோடதை நான் கட்டறேன்."

"ஆம்படையான் பெண்டாட்டி தனித்தனியா பணம் கட்டினா பத்ரி என்ன நினைப்பான்? சிரிக்க மாட்டானா?"

"சிரிக்கட்டும். பணத்தை எண்ணி வாங்கிண்டு சிரிக்கட்டும்."

சுப்ரமணியனுக்கு மேற்கொண்டு சொல்லக் கிடைத்தது ஒன்றே. "தொலைச்சுட்டேன்னா? கூட்டத்துல யாராவது பறிச்சுண்டு போயிட்டா?"

"என்னோடது தொலையும். நீங்க தூங்கலாம்."

அவர் எழுந்து வாசலருகே போய்த் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார். பாகீரதி நாற்காலியை முன்னே இழுத்துப் போட்டாள். காசோலையைச் சஃப்ரீனிடமே திருப்பி வைத்தாள்.

"இதை எடுத்துக்கோ. எழுநூறும் என் பேர்ல, என் கையில. நானூறு நூறு நோட்டா இருக்கட்டும். மிச்சம் முந்நூறு பத்தும் அஞ்சுமாக் குடு."

"சின்ன நோட்டுக்கு அங்க ரேட் கொஞ்சம் குறையும், ஆன்ட்டி. அங்கிள் சொன்னது உண்மைதான்."

"குறையட்டும். அது நான் கட்டற வரி."

இப்போது படிவத்தில் கையெழுத்திட்டாள், எழுத்துக்கு எழுத்து இடம் விட்டு. சஃப்ரீன் கட்டுகளைப் பிரித்து எண்ணி நீட்டினாள். பாகீரதி அங்கேயே மறுபடி எண்ணினாள். நோட்டுகளில் முன்பின் பாராத முகங்கள்; வழுவழுப்பில்லாத, துணிபோன்ற தாள். நூறு நான்கு, பத்து இருபது, ஐந்து இருபது. எண்ணி முடித்துத் தன் தோள்பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்த பிறகும் நெஞ்சின் கொதிப்பு இறங்கவில்லை. நாற்பதாண்டுக் கொதிப்பு ஒரு ஜிப்பில் அடங்குமா என்ன?

இன்னும் ஒரு வேலை இருந்தது. கொழும்புக் கட்டணத்தைக் குடும்பத் தலைவரிடம் வாங்குவதாக ஏற்பாடு. அதை மாற்றிச் சொல்ல வேண்டும். கைப்பேசியை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டுப் பத்ரிநாராயணனைக் கூப்பிட்டாள். கடை வாசலில் நின்ற சுப்ரமணியன் திரும்பிப் பார்த்தார்.

"நமஸ்காரம். நான் பாகீரதி பேசறேன். கொழும்புல என் நானூறு டாலரை நான்தான் கட்டுவேன். உங்க லிஸ்ட்ல தனியாப் போட்டுக்கோங்கோ."

அந்தப் பக்கம் தாள்கள் புரளும் சத்தம். பிறகு பணிவான குரலில், "எந்த பாகீரதி, மாமி?"

காசி, கேதாரம், நேபாளம் என்று பதினோராண்டாக அவர் பேருந்துகளில் முதல் வரிசையில் அமர்ந்து, அவருடைய பயணிகள் உறங்காமலிருக்கப் பாடி வந்தவள் அவள். வாசலில் நின்ற சுப்ரமணியன், "சுப்ரமணியன் மாமின்னு சொல்லு, அவனுக்குத் தெரியும்" என்று உதவிக்கு வந்தார்.

பாகீரதி கைப்பேசியை அருகே இழுத்துக்கொண்டாள்.

"எழுதறேளா? பேனா இருக்கா?" என்று கைப்பேசியில் கேட்டாள். இருக்கிறது என்றார் பத்ரிநாராயணன். தன் பெயரை ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னாள், பாஸ்போர்ட் எண்ணைச் சொன்னாள், தொகையைச் சொன்னாள். சொல்லிவிட்டு, "இப்ப ஒரு தடவை வாசிங்கோ, கேக்கறேன்" என்றாள். அவர் வாசித்து முடிக்கும்வரை நாற்காலியைவிட்டு எழுந்திருக்கவில்லை.