செவ்வாய்க்கிழமைக் கிளினிக்

விடிவதற்கு முன்பே நாற்பது பெண்கள் உப்பளத்தில் இறங்கியிருந்தார்கள். வெயில் ஏறினால் உப்பின் வெண்மை கண்ணைக் குருடாக்கும். அதற்குள் பாத்திகளில் விளைந்ததை வாரிக் கரையில் குவிக்க வேண்டும். நீண்ட பிடியுள்ள பலகையால் இழுப்பவர்கள் பாதி, கூடையில் அள்ளித் தலையில் சுமப்பவர்கள் மீதி. உப்புநீர் குதிகால் வெடிப்புகளுக்குள் இறங்கிக் கடித்தது. யாரும் முனகவில்லை. முனகினால் கங்காணி பாலசிங்கத்தின் பிரம்பு எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று தெரியாது.

தொண்ணூற்றெட்டாம் ஆண்டு மார்ச் மாதம். பாலம்மாவுக்கு ஏழாம் மாதம். எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து துரத்தப்பட்டு வன்னிக்கு வந்த குடும்பம் அவளுடையது. அங்கே காடு வெட்டிக் கழனியாக்கிய நிலத்தில் ஷெல் விழுந்தபோது, கணவன் லெட்சுமணனோடு மன்னார்த் தீவுக்கு ஓடிவந்தாள். உப்பள முதலாளி இரத்தினம் தகரக் கொட்டில் ஒன்றும் வேலையும் கொடுத்தார். கொட்டில் வரிசையை, தோட்டத்துக் கூலி வீடுகளைச் சொல்வதுபோல, பாலம்மா 'லயம்' என்றுதான் சொல்வாள். மலையில் இருந்ததைவிட இதற்குச் சுவர் மெல்லிது, அவ்வளவுதான் வித்தியாசம்.

எட்டாவது கூடையில் அடிவயிறு இறுகியது. கூடையை வரப்பில் இறக்கிவிட்டு உட்கார்ந்தாள்.

"என்னடி, இருந்திட்டாய்? எழும்பு!" பாலசிங்கம் வந்துவிட்டான்.

"இடுப்பு வலிக்குதுங்க கங்காணி. கொஞ்ச நேரம்..."

"பெறுறதுக்கு இன்னும் ரெண்டு மாசம் கிடக்கு. நடிக்காதை."

பிரம்பு தோளில் விழுந்தது. இரண்டாவது அடி விழுமுன் பாலம்மா பிரம்பைப் பிடித்துக்கொண்டாள். அதுதான் அவனுக்குப் பொறுக்கவில்லை. பிரம்பை உருவிக்கொண்டு, கூடையோடு சேர்த்து அவளை உதைத்தான். கல்லாய் இறுகியிருந்த வரப்பு விளிம்பில் வயிறு மோத, அவள் பாத்திக்குள் உருண்டாள். வெள்ளை உப்பில் சிவப்பு பரவியது.

முதலில் ஓடிவந்தவள் திரேசம்மா. பேசாலைக்காரி, மீன்பிடிக்கப் போன புருஷன் கடலில் சுடப்பட்ட பிறகு உப்பளத்துக்கு வந்தவள். அவளும் லெட்சுமணனும் பாலம்மாவை உழவு இயந்திரப் பெட்டியில் தூக்கிப் போட்டுக்கொண்டு நகரத்துக்குப் புறப்பட்டார்கள்.

அன்று காலை வீதியில் எங்கோ கண்ணிவெடி வெடித்திருந்தது. காவலரணில் ஆமிக்காரர்கள் ஆண்கள் எல்லோரையும் இறக்கி முழந்தாளில் நிறுத்தியிருந்தார்கள்.

"வயித்துப் புள்ளக்காரிங்க ஐயா..." என்று கை கூப்பிக்கொண்டு எழுந்தான் லெட்சுமணன். துப்பாக்கிப் பிடி அவன் வாயில் இறங்கியது. இரண்டு பல் மண்ணில் விழுந்தது. பனைகளுக்கு மேலாகச் சடசடவென்று சுட்டார்கள். அந்தச் சத்தத்துக்கு நடுவே, உழவு இயந்திரப் பெட்டிக்குள், திரேசம்மாவின் இரண்டு கைகளுக்குள் பிள்ளை பிறந்தது.

அழவில்லை. நீலம் பாரித்துக் கிடந்தது. திரேசம்மா விரலால் வாயை வழித்து, தன் மூச்சை மெல்ல ஊதினாள். 'அருள் நிறைந்த மரியே' செபத்தை இரண்டு தரம் சொல்லி முடிக்கிற நேரம் சென்ற பிறகே பூனைக்குட்டிபோல ஒரு சத்தம் வந்தது. வீதியைத் திறக்க அதற்கு மேலும் ஒரு மணித்தியாலம் ஆயிற்று.

ஆஸ்பத்திரியில் மின்சாரம் இல்லை. இருந்த டீசல் சத்திரசிகிச்சைக் கூடத்துக்கு மட்டும்தான். தாதி மிஸ்ஸி ஒருத்தி பிள்ளையைப் பாலம்மாவின் வெறும் மார்போடு சேர்த்துத் துணியால் கட்டிவிட்டாள். மூன்றாம் நாள் பிள்ளையின் கண்கள் ஒரு பக்கமாகச் செருகின. ஒரு கை விட்டு விட்டு வெட்டி இழுத்தது.

டொக்டர் இளவயதுக்காரர். இரண்டு நாளாகத் தூங்காத முகம்.

"தலைக்குள்ள இரத்தம் கசிஞ்சிருக்குப் போல கிடக்கு. ஏழு மாசத்துப் பிள்ளையின்ர மூளையில இரத்தக் குழாய்கள் சிலந்தி நூல் மாதிரி. பிறந்த உடன மூச்சும் கிடைக்கேல்லை."

"பொழச்சிருமாங்க?"

"பிழைச்சால், எப்பிடி வளருது எண்டு பாத்துத்தான் மிச்சத்தைச் சொல்லலாம்."

பிழைத்தது. லீலா என்று பெயர் வைத்தார்கள். இரண்டு மாதத்தில் பாலம்மா மறுபடி கூடை தூக்கினாள். உப்பளக் கரையில் இருந்த ஓலைக் கொட்டிலில் சேலையால் ஏணை கட்டிப் பிள்ளையைப் போட்டாள்.

செப்டெம்பரில்தான் அவளுக்கு விளங்கத் தொடங்கியது. லீலாவின் இடதுகை திறக்கவில்லை; பெருவிரலை உள்ளே வைத்து மூடியபடியே இருந்தது. தூக்கினால் கால்கள் விறைத்து, கத்தரிக்கோல்போல ஒன்றின்மேல் ஒன்று ஏறின. கிளினிக்கில் பயிற்சி கொடுக்கும் சிவலட்சுமி மிஸ்ஸி பிள்ளையை நெடுநேரம் பார்த்தாள்.

"ரெண்டு மாசம் முந்திப் பிறந்தவ. அதைக் கழிச்சுத்தான் வயசு பாக்கோணும். கழிச்சாலும் பிந்தித்தான் நிக்கிறா" என்றாள். பிறகு பாலம்மாவின் கையைப் பிடித்துப் பிள்ளையின் கையில் வைத்தாள். "பழுதான வழியை விட்டிட்டு வேற வழி தேடச் சின்னப் பிள்ளையின்ர மூளைக்குத் தெரியும், அம்மா. முழுக்கச் சரியாகும் எண்டு சொல்ல மாட்டன். ஆனால் நாங்கள் தேட வைக்கோணும். நாளுக்கு ஆறு தரம் பயிற்சி. ஒவ்வொரு செவ்வாயும் இஞ்ச கொண்டு வாங்கோ. இந்த ரெண்டு மூண்டு வருஷத்தை விட்டிட்டால் பிறகு கஷ்டம்."

நாளுக்கு ஆறு தரம்! கூடையை யார் சுமப்பது? பாலம்மா அழுதுகொண்டே சொன்னபோது திரேசம்மா அதட்டினாள்: "எங்களுக்குக் கையில்லையோ? காட்டித் தா."

முறை வைத்துக்கொண்டார்கள். ஒருத்தி கொட்டிலுக்குப் போய் லீலாவின் காலை நீட்டி மடக்குவாள். அவளுடைய கூடையை மற்றவர்கள் பங்கிட்டுச் சுமப்பார்கள். இரண்டு செவ்வாய்க்கிழமைகள் பாலம்மா கிளினிக்குக்குப் போய்வந்தாள்.

மூன்றாவது வாரம், திங்கட்கிழமை, பாலம்மா பிள்ளையை ஏணையில் கிடத்திக்கொண்டிருந்தபோது பாலசிங்கம் ஓலைக் கொட்டிலுக்குள் நுழைந்தான்.

"இது உப்பளமோ, ஆஸ்பத்திரியோ? நாளைக்கு வேலைக்கு வராட்டில் பிறகு வரவே தேவையில்லை."

இடுப்புக் கத்தியை எடுத்து ஏணைக் கயிற்றை அறுத்தான். பிள்ளை சாக்கின்மேல் பொத்தென்று விழுந்தது. லீலா வீரிட்டாள்.

வரப்பு வெட்டிக்கொண்டிருந்த லெட்சுமணன் மண்வெட்டியோடு பாய்ந்து வந்தான். பாலசிங்கம் பின்வாங்கி, கொட்டிலுக்கு வெளியே பாத்திக்குள் மல்லாந்தான். மண்வெட்டி உயர்ந்தது.

"வேணாங்க!" பாலம்மா குறுக்கே விழுந்தாள். "இவன வெட்டுனா ஒங்கள ஆமிக் காம்புக்குக் கொண்டு போவாங்க. நாளைக்கு வேற ஒரு கங்காணி வருவான். அவன் கையிலயும் பிரம்பு இருக்கும்."

மண்வெட்டி இறங்கவில்லை. அதற்குள் மற்றப் பெண்களும் பலகைகளோடும் கூடைகளோடும் சுற்றி நின்றார்கள். எழ முயன்ற பாலசிங்கத்தின் முழங்கையில் ஒரு பலகை விழுந்தது. யாருடையது என்று யாரும் சொல்லவில்லை. அவன் உப்புச் சேற்றில் தவழ்ந்து வெளியேறி ஓடினான். பெண்கள் பலகைகளையும் கூடைகளையும் கீழே வைத்தார்கள்.

மத்தியானம் முதலாளி இரத்தினம் பிக்கப்பில் வந்து இறங்கினார். பருவத்தின் கடைசி உப்பு மூடப்படாமல் குவிந்து கிடந்தது. வடகிழக்கே வானம் கறுத்திருந்தது. ஏற்ற வந்த லொறி சும்மா நின்றது.

"ஆரிட்டைக் கேட்டு வேலையை நிப்பாட்டினீங்கள்?"

"நாப்பது பேரும் ஒருத்தரை ஒருத்தர் கேட்டம்" என்றாள் திரேசம்மா.

"என்ன வேணும்?"

பாலம்மா பிள்ளையோடு முன்னால் வந்தாள். "செவ்வாக்கெழம எம்புள்ளய கிளினிக்குக்குக் கொண்டு போகணும். அதுக்காக வேலய விட்டு நிப்பாட்டக் கூடாது. வயித்துப் புள்ளக்காரிங்க இனிமே கூடை சுமக்க மாட்டாங்க. அந்தக் கங்காணி இங்க கால் வைக்கக் கூடாது."

"ஒரு நொண்டிப் பிள்ளைக்காக என்ர உப்பு மழையில கரையோணுமோ?"

"நொண்டியா உண்டாகலங்க அது. ஒங்க வரப்புல வுழுந்து பொறந்திச்சு."

முதலாளி லயத்தைக் கைகாட்டினார். "லயத்தை இண்டைக்கே விட்டு வெளிக்கிடுங்கோ. இல்லாட்டில் காம்புக்கு ஒரு சொல்லுப் போதும். இஞ்ச புலிக்கு ஆள் சேர்க்கினம் எண்டு."

அந்தச் சொல் என்ன செய்யும் என்று தீவில் அறியாதவர் இல்லை. கூட்டத்திலிருந்து, கூடை சுமக்கும் றஞ்சிதம் முன்னால் வந்தாள். போன வருஷம் அவளுடைய தம்பியை ஆமிக்காரர்கள் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள், அவன் திரும்பவில்லை. பயந்து வேலைக்குப் போகிறாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவள் தன் கூடையை லொறிக்கு முன்னால் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள்.

"என்ர தம்பியையும் இப்பிடிச் சொல்லித்தான் காட்டிக் குடுத்தவை. அண்டைக்கு நான் தனிய நிண்டு அழுதனான்" என்றாள். "நாப்பது பேரையும் ஏத்த எத்தினை ஜீப் வேணும் முதலாளி?"

இன்னொரு கூடை கவிழ்ந்தது. பிறகு இன்னொன்று. வரப்பு வெட்டும் ஆண்கள் வந்து பின்னால் உட்கார்ந்தார்கள். லொறிச் சாரதி முதலாளியைப் பார்த்தான், பெண்களைப் பார்த்தான்; வெறும் லொறியைப் பின்னுக்கு எடுத்துத் திருப்பிக்கொண்டு போய்விட்டான்.

முதலாளி பிக்கப்பில் ஏறி முகாம் இருக்கும் திசைக்கு விரைந்தார். முதல் மழைத்துளிகள் உப்பில் சிறுசிறு குழிகளாக விழுந்தன.

"நாளைக்கு செவ்வாக்கெழம" என்றாள் பாலம்மா மெல்ல.

"தெரியும். உன்னோட கிளினிக்குக்கு ஆர் ஆர் போறது, இஞ்ச ஆர் ஆர் இருக்கிறது எண்டு இப்பவே பிரிப்பம்." திரேசம்மா லீலாவை வாங்கி மடியில் கிடத்தினாள். "இண்டைக்கு இன்னும் ரெண்டு தரம் பயிற்சி மிச்சம் கிடக்கு."

மூடிய இடதுகையின் விரல்களை ஒவ்வொன்றாக நீவித் திறந்தாள். விட்டதும் அவை மறுபடி மூடிக்கொண்டன. மறுபடியும் திறந்தாள். தூரத்தில் வீதியில் ஜீப் உறுமும் சத்தம் கேட்டது. பெண்கள் இன்னும் நெருங்கி உட்கார்ந்து, பிள்ளையின்மேல் மழை படாமல் சேலைகளை விரித்துப் பிடித்தார்கள்.