மூன்றாம் சுற்றுக் கேள்வி

மேடை விளக்குகளின் சூட்டில் பரமலிங்கத்தின் வேட்டி முழங்காலோடு ஒட்டிக்கொண்டிருந்தது. ஆனாலும் அவர் கதிரையில் சாயவில்லை. தன் சால்வையில் மைக் குத்தவும் விடவில்லை. பக்கத்தில் இருந்த மனைவி நல்லம்மா, சேலைத் தலைப்பில் குத்தியிருந்த சின்ன மைக்கை ஏதோ பூச்சியைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நெல்லியடி மண்டபத்தில் படம்பிடித்த அந்தத் தொலைக்காட்சிப் போட்டிக்குப் படிவம் நிரப்பியவள் மகள் உதயகலா. தாயின் விரல்கள் வாதத்தில் வீங்கிவிட்டன, வென்றால் உடுப்புத் தோய்க்கும் மெசின் தருவார்கள் என்று கெஞ்சித்தான் தகப்பனைச் சம்மதிக்க வைத்தாள். கனடாவிலுள்ள சம்பந்தி வீட்டாரும் பார்க்கிற நிகழ்ச்சி. ஊர் சிரிக்கிற சேட்டை எதற்கும் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டுத்தான் கரவெட்டியிலிருந்து புறப்பட்டார்.

இரண்டு சுற்றுகள் வென்றார்கள். தேநீர் இடைவேளையில், தயாரிப்பாளர் தயாளினி அறிவிப்பாளன் கஜீபனோடு கதைத்தது திரைக்கு இந்தப் பக்கம் அவருக்குக் கேட்டது.

"இப்பிடிச் சும்மா வெண்டுகொண்டு போனா ஆர் பாப்பினம்? சனம் கையைத் தட்டிப்போட்டு வேறை சனலுக்குப் போயிடும். திணறவேணும். மகள் படிவத்திலை எழுதினதைக் கேளும்."

மூன்றாம் சுற்றில் கஜீபன் நல்லம்மாவின் முன்னால் குனிந்தான். "லேசான கேள்வி அம்மா. உங்கடை மனுசன்ரை பேர் என்ன?"

விநாடி எண்ணும் பலகையில் பத்து விழுந்தது.

பரமலிங்கம் நல்லம்மாவின் பக்கம் திரும்பினார். நாற்பத்தாறு வருஷத்தில் அவள் அந்தப் பெயரை வாயால் சொன்னதில்லை. சோதனைச் சாவடியில் ஆமிக்காரன் துவக்கோடு நின்று கேட்டபோதும் அடையாள அட்டையைத்தான் நீட்டினாள். அதை ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லித் திரிந்தவர் அவர்தான். இப்போதும் அவள் கை கைப்பையைத் துழாவியது.

"காட்டக்கூடாது, வாயாலை சொல்லவேணும். மறந்துபோச்சோ? இல்லாட்டி ஐயாவோடை கோவமோ?"

மண்டபம் சிரித்தது. முன்வரிசையில், அதைப் படிவத்தில் எழுதிக்கொடுத்த உதயகலா தலையைக் குனிந்துகொண்டாள். நல்லம்மா சொன்னால் தன் மானம் போகும் என்று பரமலிங்கம் நினைத்தார். சொல்லாவிட்டால் அவளை விசரி என்று சிரிப்பார்கள். ஆறு. ஐந்து.

"இஞ்சேரும், எழும்பும். போவம்," என்றார்.

நல்லம்மா எழும்பவில்லை. தலைப்பை இழுத்து வாயைப் பொத்தினாள். அதற்குள்ளிருந்து அவர் பெயர் வந்தது. முழுதாக, நிறுத்தி. அவருக்கு அது யாரோ ஒருவருடைய பெயர்போல இருந்தது.

அவர் கோபப்படுவதைப் பிடிக்கக் காத்து, மூன்று கமராக்களும் அவர் முகத்திலேயே நின்றன. ஒலிப்பதிவு செய்பவன் கையை விரித்தான். மைக் தலைப்புக்குள் சுருண்டுவிட்டது, எதுவும் பதிவாகவில்லை. நல்லம்மாவை இன்னொருக்கால் சொல்லச் சொன்னார்கள்.

"நான் சொல்லிப்போட்டன், தம்பி. கேக்கேல்லையெண்டா அது உங்கடை பிழை."

இந்த முறை சிரிப்பு கஜீபன்மேல் திரும்பியது. ஓரத்தில் நின்ற தயாளினி விரலைச் சுழற்றிக் காட்டினாள். அவன் உடனே பரமலிங்கத்திடம் வந்தான்.

"அப்ப ஐயா சொல்லட்டும். உங்கடை பேரை அம்மா சொன்னவவோ? ஓமெண்டாக் காணும், மெசின் உங்களுக்கு."

பலகை மறுபடி பத்திலிருந்து இறங்கியது. ஓம் என்றால் ஊரில் இத்தனை வருஷம் சொன்ன பெருமை இன்றோடு சரி. இல்லை என்றால் அவள் பொய்க்காரி. தொண்டையில் ஒரு சின்னச் சொல் மேலேயும் வராமல் கீழேயும் போகாமல் நின்றது. சற்றுமுன் அவளுக்கும் இப்படித்தான் நின்றிருக்குமோ என்று நினைத்தார்.

நல்லம்மா அவரைப் பார்க்கவில்லை. வீங்கிய விரல்களால் தலைப்பின் மடிப்பை விரித்து, மைக்கைக் கழற்றி, அவர் பக்கம் நீட்டிப் பிடித்தாள். பலகையில் மூன்று எரிந்தபோது, பரமலிங்கத்தின் முதுகு மைக்கை நோக்கிச் சற்றே வளைந்தது.