கோடு தாண்டாத வெள்ளம்

அந்த வருஷத்து ஐப்பசி மழையில் மூலக்குளத்துத் தெருவொன்றில் புகுந்த வெள்ளம், நிர்மலாதேவி கணினியில் போட்டிருந்த கோடு வரைக்கும் வந்து நின்றுகொண்டது. அவள் வீட்டு கேட்டுக்கு வெளியே தண்ணீர் இடுப்பளவுக்குச் சுவராக நின்றது. உள்ளே வாசல் கோலம்கூடக் கலையவில்லை. அன்று பால்காரர் வரவில்லை, கரண்டும் இல்லை.

நிர்மலாதேவிக்கு லாஸ்பேட்டையில் ஒரு தனியார் அலுவலகத்தில் வேலை. எந்த மழைக்கு எந்தத் தெரு மூழ்கும் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். ஊரின் மேடுபள்ளங்களைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, கணினிக்குள் மழை பெய்யவைப்பாள். மூழ்கும் கட்டம் சிவப்பாகும். அந்த மழைக்கு முன்பு ஒருநாள் அவள் சொந்த வீடே சிவப்பானது. அப்பா ஆதிமூலம் பெருமையோடு வாங்கிய மனை, தூர்த்த குட்டையின்மேல் இருந்தது. வாங்கும்போதே நாலு பேர் சொல்லியிருந்தார்கள். அவர்தான் காதில் போட்டுக்கொள்ளாத மனுஷராயிற்றே. அவர் தெருவில் தலைகுனிவதைப் பார்க்க மனமில்லாமல் அந்தக் கட்டத்தைச் சுற்றிக் கோடு போட்டு, அதை மட்டும் சற்று உயர்த்திவிட்டாள். ஆனால் பெய்த மழை எங்காவது போய்ச் சேர்ந்தால்தான் கணக்கு நேராகும். மிஞ்சிய தண்ணீரை எதிர்வீட்டுக் கட்டத்தில் இறக்கினாள்.

எதிர்வீடு மீன் விற்கும் வீராயியுடையது. எந்த மழைக்கும் நனையாத அந்த மேட்டுவீடு இந்த வெள்ளத்தில் ஜன்னல்வரை மூழ்கியது. அவள் அரிசி மூட்டையைத் தலையில் வைத்து நீந்தாத குறையாக வந்து, "உங்க வீடாச்சும் காஞ்சிருக்கே பாப்பா, நல்லதாப் போச்சு. இத இங்க வச்சிக்கறேன்" என்றாள். நிர்மலாதேவிக்கு வெட்கத்தில் முகம் எரிந்தது. நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். வீராயி மூட்டையை இறக்காமலே கேட்டாள்.

"தண்ணிய எறக்கறதுக்கு எங்க வீடுதான் கெடச்சுதாம்மா?"

உள்ளறையில் ஆதிமூலத்துக்கும் அது கேட்டது. அவர் வெளியே வரவில்லை.

மறுநாளே வரைபடத்தைத் திருத்தினாள். தண்ணீர் திருந்தவில்லை; அடுத்த வருஷமும் பழைய கோட்டிலேயே வந்து நின்றது. அவள் குடத்தில் மொண்டு வந்து கூடத்தில் ஊற்றிப் பார்த்தாள். அது வாசல் வழியாக ஊர்ந்து எதிர்வீட்டுக்கே போய்விட்டது. அதன்பிறகு புயல் எச்சரிக்கை வந்ததும் வீராயி குடும்பம் பாய், பாத்திரத்தோடு இந்த வீட்டுக்கு வந்துவிடும். அப்பாவும் மகளும் அந்த வீட்டுக்குப் போய், கட்டில்மேல் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்கள். தெருவில் யாரும் இதை அதிசயமாகப் பேசுவதில்லை. மழை விட்டதும் ஆதிமூலம் வீராயி வீட்டுச் சேற்றை வழித்துக் கழுவி, சாவியை அவள் கையில் கொடுத்துவிட்டு, தலை நிமிராமல் தெருவைக் கடந்து வருவார்.