‘இல்லை’ சொல்லத் தெரியாத கிளி

மின்தூக்கிகளைப் பழுதுபார்க்கும் அந்த நிறுவனத்தில் யாரையும் யாரும் சொந்தப் பெயரால் அழைப்பதில்லை. தலைமை மெக்கானிக் நெடுநெடுவென்று வளர்ந்தவர். எந்தக் கதவில் நுழைந்தாலும் குனிந்தே ஆக வேண்டும். ஆகவே அவர் ஒட்டகம். மேலாளருக்குக் குரலும் கனம், உடம்பும் கனம். காலையில் ஒருமுறை உறுமாமல் அவருடைய நாற்காலி அவரை ஏற்றுக்கொள்ளாது. ஆகவே அவர் கரடி. இந்த வனத்துக்குள் பட்டப்படிப்பை முடித்த கையோடு ஓர் இளம்பெண் தொலைபேசி மேசைக்கு வந்து சேர்ந்தாள். முதல் நாளே அவள் இனிப்பாகப் பேசியதைக் கேட்ட ஒட்டகம், “ஆகா, நம்ம காட்டுக்குக் கிளி வந்துருச்சுடா!” என்றார். அன்றிலிருந்து அவள் கிளி.

‘படிப்பை முடித்த கையோடு’ என்று சொன்னது ஒரு பேச்சுக்குத்தான். உண்மையில் இடையில் பல மாதங்கள் ஓடியிருந்தன. கிளி ஏறி இறங்காத அலுவலகம் இல்லை. போன இடத்தில் எல்லாம் நன்றாகத்தான் உபசரித்தார்கள், தண்ணீர் கொடுத்தார்கள், “சொல்லி அனுப்புறோம்” என்றார்கள். யாரும் சொல்லவும் இல்லை, அனுப்பவும் இல்லை. ஒவ்வொரு முறையும் தொலைபேசி அடித்தால் பாய்ந்து எடுப்பாள். கடன் வேண்டுமா என்று ஒரு குரல் கேட்கும். அவளும் பொறுமையாகப் பதில் சொல்லி வைப்பாள்.

அந்த மாதங்களிலும் அதற்கு முன்பும் அவளைத் தாங்கியவள் அக்கா. பகலில் மருந்துக்கடை, மாலையில் பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசை என்று இரண்டு வேலை பார்த்துத்தான் அவள் தங்கையின் கல்லூரிக் கட்டணத்தையும், இருவரும் தங்கியிருந்த ஒற்றை அறையின் வாடகையையும் சமாளித்தாள். இரவு வீடு திரும்பும்போது அவளுடைய கால்கள் வீங்கி, செருப்பின் வார் பதிந்த தடம் பாதத்தில் கோடாக நிற்கும்.

கிளிக்கு இந்த வேலை மூன்று மாதச் சோதனையில்தான் கிடைத்தது. சம்பளமும் பாதிதான். நிரந்தரமானால் முழுச் சம்பளம்.

“உனக்கு நிரந்தரம்னு சொல்லிட்டாங்கன்னா, அன்னைக்கே அந்தப் பல் டாக்டருக்கு ஒரு கும்பிடு போட்டுட்டு வந்துடுவேன்டி,” என்று அக்கா சொல்லியிருந்தாள். “வாயைத் திறங்க, வாயைத் திறங்கன்னு கேட்டுக் கேட்டு, கனவுலகூட என் வாய் தானா திறக்குது.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் கிளி அந்தக் கால்களைப் பார்த்துக்கொண்டுதானே இருந்தாள்!

கிளியிடம் ஒரே ஒரு குறை. அவளுக்கு ‘இல்லை’ என்று சொல்ல வராது. அது அவள் வளர்ந்த விதம். ஊர்வீட்டுச் சமையலறையில் உப்பு தீர்ந்துபோனால் அவளுடைய அம்மா “உப்பு இல்லை” என்று சொல்ல விடமாட்டாள். “உப்பு வாங்கணும்” என்றே சொல்ல வேண்டும். வீட்டை விட்டுக் கிளம்பும்போது “போறேன்” என்றால் முதுகில் ஒரு தட்டு விழும். “வரேன்” என்று திருத்திச் சொன்ன பிறகே படியிறங்கலாம். அந்தப் பழக்கம் கிளிக்கு ரத்தத்தில் ஊறிவிட்டது. தொலைபேசியை வைக்கும்போதுகூட “அப்ப வரேங்க” என்பாள். எதிர்முனையில் இருப்பவர் சற்றுக் குழம்பி “வாங்க, வாங்க” என்பார். ஒட்டகத்துக்கு அதைக் கேட்டுச் சிரித்தே வயிறு வலிக்கும்.

மின்தூக்கிக்குள் மாட்டிக்கொண்டு அலறுகிறவர்களிடமும் அவள் அப்படித்தான். “இதோ வந்துட்டாங்க!” என்பாள். அப்போது ஒட்டகம் தேநீரை ஊதிக்கொண்டிருப்பார்.

“இதோன்னா எப்போ?” என்று கரடி ஒருநாள் மேசையைத் தட்டினார். “உள்ளே நிக்கிற ஆளு கதவையே பார்த்துக்கிட்டு நிக்கிறான். ‘இதோ’ன்னா அவனுக்கு ஒரு நிமிஷம். உனக்கு முக்கால் மணி நேரம். நான் உன்னைத் தேனா பேசச் சொல்லலம்மா. தெளிவா பேசச் சொல்றேன்.”

“சரிங்க சார், இதோ மாத்திக்கிறேன்,” என்றாள் கிளி.

கரடி தலையில் கை வைத்துக்கொண்டார்.

சோதனைக் காலம் முடிய இரண்டு வாரம் இருந்தபோது, உதிரிப் பொருள்களின் கிடங்கைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் தேவைப்பட்டது. நேர்முகத் தேர்வுக்குப் பலர் வந்தார்கள். முன்பே கிடங்கு வேலை பார்த்த அனுபவம் உள்ள ஒருவரைக் கரடி தேர்ந்தெடுத்தார். வழக்கமாகத் தேர்வாகாதவர்களுக்கு அங்கேயும் யாரும் பதில் சொல்வதில்லை. கிளிதான் வலியப் போய், “சார், கிடைக்காதவங்களுக்கும் நான் போன் பண்ணிச் சொல்லிடட்டுமா?” என்று கேட்டாள். காத்திருப்பதன் வேதனை அவளுக்குத் தெரியும்.

“சொல்லு. ஒரே வரி. நீட்டி முழக்காதே,” என்றார் கரடி.

“நேர்முகத் தேர்வு விஷயமா” என்று அவள் தொடங்கியதுமே, பலரும் “புரியுதுங்க, பரவாயில்லை” என்று தாங்களே முடித்துக்கொண்டார்கள். அடிபட்டுப் பழகிய பிள்ளைகள். கடைசி எண்ணை எடுத்தது ஒரு தாய்.

“அவன் குளிச்சிட்டு இருக்கான்மா. நீங்க சொல்லுங்க. என்னம்மா ஆச்சு?”

அந்தக் குரலில் இருந்த நடுக்கம் கிளியை உலுக்கிவிட்டது.

“உங்க பையன் ரொம்ப நல்லா பேசினாருங்கம்மா. இங்க ஒரே ஒரு இடம்தான் இருந்துச்சு. அது நிறைஞ்சிருச்சும்மா. திங்கட்கிழமையே சேர்றாங்க.”

“திங்கட்கிழமையேவா? ரொம்ப சந்தோஷம்மா! ரொம்ப சந்தோஷம்!”

எவ்வளவு பெருந்தன்மையான தாய் என்று கிளி வியந்துபோனாள். அதற்குள் பக்கத்துத் தொலைபேசி அலறியது. யாரோ நாலாவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில் நின்றிருந்தார்கள்.

“அப்ப வரேம்மா,” என்றாள் அவசரமாக.

“வரச் சொல்றேம்மா! கண்டிப்பா வரச் சொல்றேன்!”

திங்கட்கிழமை காலை கிளி வந்தபோது, கிடங்கின் வாசலில் ஓர் இளைஞன் நின்றிருந்தான். சட்டையில் இஸ்திரிபோட்ட மடிப்பு கலையவில்லை. காலணி புதிது, நடக்கும்போதெல்லாம் கீச்சிட்டது. தோளில் சாப்பாட்டுப் பை. ஒட்டகம் அவனை ஏற இறங்கப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“யாருப்பா நீ?”

“புது ஸ்டோர் கீப்பர் அண்ணே. இன்னைக்குத்தான் சேர்றேன்.”

“ஸ்டோர் கீப்பர் உள்ள உக்காந்து நட்டு போல்ட்டு எண்ணிக்கிட்டு இருக்காரே! நீ எந்த ஸ்டோருக்குக் கீப்பர்?”

இளைஞனின் முகத்திலிருந்த சிரிப்பு போகவும் தெரியாமல் நிற்கவும் தெரியாமல் தடுமாறியது. அந்த நேரம் பார்த்துக் கரடி உள்ளே வந்தார்.

“உன்னை அன்னைக்கு இன்டர்வியூல பார்த்தேனே. யாரு உன்னை வரச் சொன்னது?”

“போன்ல சொன்னாங்க சார்.”

“யாரு சொன்னது? பேரைச் சொல்லு.”

“அம்மாகிட்ட சொன்னாங்க சார்... யாருன்னு தெரியல.”

“இந்தக் கதையெல்லாம் என்கிட்ட வேணாம் தம்பி. வந்து உக்காந்துட்டா வேலை கொடுத்துடுவாங்கன்னு நினைக்கிற ஆளுங்களை நான் நிறையப் பார்த்துட்டேன். கிளம்பு.”

கிளிக்கு எல்லாம் ஒரு நொடியில் விளங்கிவிட்டது. ‘நிறைஞ்சிருச்சு. சேர்றாங்க.’ யார் சேர்கிறார்கள் என்று அவள் சொல்லவே இல்லையே! தன் வாயால்தான் அவனுக்கு வேலை கொடுத்திருக்கிறாள். தன் வாயால்தான் அவன் இப்போது பொய்யன் ஆகி நிற்கிறான்.

அவள் அன்று பேசியதைக் கேட்டவர் யாரும் இல்லை. வாயைத் திறக்காமல் இருந்தால் அந்த இளைஞன் தலைகுனிந்து போய்விடுவான். விஷயம் அதோடு முடிந்துவிடும். வெள்ளிக்கிழமை அவளுடைய வேலை முடிவாகப்போகிறது. அக்காவின் வீங்கிய கால்கள் கண்ணுக்குள் வந்து நின்றன. அதே கண்ணுக்கு எதிரே புதுக் காலணி கீச்சென்று வாசலை நோக்கித் திரும்பியது.

“சார், தப்பு என்னுது,” என்றாள் கிளி.

கரடி திரும்பினார்.

“நான்தான் இவரோட அம்மாகிட்ட பேசினேன். வேலை இல்லைன்னு சொல்ல மனசு வரல. சுத்தி வளைச்சுச் சொன்னேன். அவங்க வேற மாதிரி புரிஞ்சுக்கிட்டாங்க. இவர் பொய் சொல்லல சார்.”

கிளி இளைஞனுக்கு நேராகப் போய் நின்றாள்.

“இந்த வேலை உங்களுக்குக் கிடைக்கல. உங்களுக்கு இங்க இடம் இல்லை. என்னை மன்னிச்சிடுங்க.”

அவன் தோளிலிருந்த சாப்பாட்டுப் பையை இறக்கிக் கையில் பிடித்துக்கொண்டான். பிறகு மெல்லக் கேட்டான்: “அது சரிங்க. ஆனா அம்மா தெரு முழுக்கச் சொல்லிட்டாங்க. இப்ப எந்த முகத்தோட வீட்டுக்குப் போறது?”

“நானே அவங்ககிட்ட சொல்றேன்,” என்று கிளி தொலைபேசியை எடுத்தாள். கரடி தடுக்கவில்லை.

“அம்மா, அன்னைக்குப் பேசின பொண்ணுதான் பேசறேன். நான் சரியாச் சொல்லலைங்கம்மா. உங்க பையனுக்கு இங்க வேலை இல்லைங்கம்மா. வேற ஒருத்தர் சேர்ந்துட்டாரு. உங்க மேலயும் தப்பில்ல, அவர் மேலயும் தப்பில்ல. எல்லாம் என்னாலதான்.”

திட்டு விழும் என்று கிளி கண்ணை மூடிக்கொண்டாள்.

“அவன் சாப்பிட்டானாம்மா?” என்றது குரல்.

“இன்னும் இல்லைங்கம்மா.”

“ஆசையா கட்டிக் கொடுத்தேன். அதைச் சாப்பிட்டுட்டே வரச் சொல்லு.” குரல் உடைந்து, பிறகு சேர்ந்தது. “எத்தனையோ இடத்துக்குப் போனான். ஒருத்தர்கூட ஆமான்னும் சொல்லல, இல்லைன்னும் சொல்லல. நீ ஒருத்திதான் தேடிக் கூப்பிட்டுச் சொன்ன. தெருவுல நான் பேசிக்கிறேன், எனக்கு வாய் இருக்கு. நீ நல்லா இரும்மா.”

தன்னைக் கோபித்துக்கொள்ள எல்லா உரிமையும் உள்ள ஒருத்தி தன்னை வாழ்த்துகிறாள். அந்த வாழ்த்தைத் தாங்கத் தனக்குத் தகுதி உண்டா என்று நெஞ்சு கேட்டது. தலையை மட்டும் ஆட்டினாள், மறுமுனையில் அது தெரியாது என்பதையும் மறந்து.

அன்று மதியம் இளைஞன் பணிமனையிலேயே சாப்பிட்டான். ஒட்டகம் தன் பெட்டியையும் திறந்து அவன் பக்கம் தள்ளினார். புதிதாகச் சேர்ந்த கிடங்குக்காரரும் குற்றவாளிபோல் கூசிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

“அரை நாள் உங்க கம்பெனியில ஸ்டோர் கீப்பரா இருந்திருக்கேன் அண்ணே,” என்றான் இளைஞன். “பயோடேட்டாவுல போட்டுக்கலாமா?”

“தாராளமா போடு. வேலையை விட்டதுக்குக் காரணம்: கிளி,” என்றார் ஒட்டகம்.

எல்லாரும் சிரித்தார்கள். கிளியும் சிரித்தாள், சிரிக்கும்போதே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கிளம்பும்போது அந்த இளைஞன் அவளுடைய மேசைக்கு வந்து, “அடுத்த தடவை இடம் வந்தாலும் நீங்களே கூப்பிடுங்க. ஆனா அம்மாகிட்ட வேணாம், என்கிட்டயே சொல்லுங்க,” என்றான்.

வெள்ளிக்கிழமை வந்தது. கிளி கரடியின் அறைக்குப் போனாள்.

“சார், இன்னையோட மூணு மாசம் முடியுது. எனக்கு வேலை உண்டா, இல்லையா?”

கரடி மின்விசிறியைப் பார்த்தார். மேசைமேல் இருந்த காகிதங்களை அடுக்கினார். தொண்டையைச் செருமினார். “பார்ப்போம்மா,” என்றார்.

“பார்ப்போம்னா உண்டுன்னு அர்த்தமா சார்?”

வாசலில் குனிந்து நின்ற ஒட்டகம் பொறுக்க மாட்டாமல், “சார், தெளிவா சொல்லிடுங்க. இல்லன்னா இவங்க வீட்டுலயும் தெரு முழுக்கச் சொல்லிடப்போறாங்க!” என்றார்.

“உண்டு! உண்டு! போதுமா?” என்று உறுமினார் கரடி. பிறகு குரலைத் தாழ்த்தினார். “அன்னைக்கு நீ பேசாம இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காது. அந்தப் பையனை வெளிய தள்ளிட்டு நிம்மதியா காபி குடிச்சிருப்பேன். போ, போனை எடு. மாட்டிக்கிட்டு நிக்கிறவங்களுக்கு எத்தனை நிமிஷம்னு சரியாச் சொல்லு.”

அன்று மாலை பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் அக்கா உட்கார்ந்திருந்தாள். எதிரே, வீங்கிய கன்னத்தைக் கையில் ஏந்தியபடி ஒரு பெரியவர். கிளி நேராகப் போய், “அக்கா, வேலை நிரந்தரமாயிடுச்சு. முழுச் சம்பளம்,” என்றாள். அக்காவின் வாய் தானாகத் திறந்தது. பெரியவர் வலியையும் மறந்து கைதட்டினார்.

சொன்ன சொல்லை அக்கா காப்பாற்றினாள். மாற்றாள் வரும்வரை சில நாள் இருந்துவிட்டு, மாலை வேலைக்குக் கும்பிடு போட்டாள்.

வேலை இல்லாத முதல் மாலை, அக்காவுக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. ஜன்னலில் வெளிச்சம் இருக்கும்போது அவள் அந்த அறையை நின்று நிதானமாகப் பார்த்து வருடங்களாகியிருந்தன. சுவரைத் தொட்டுப் பார்த்தாள். “இந்தச் சுவர் பச்சையாடி? நான் நீலம்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன்,” என்றாள். கடைத்தெருவுக்குப் போகலாம், துணி பார்க்கலாம் என்று ஏதேதோ திட்டம் போட்டபடி கட்டிலில் உட்கார்ந்தவள், செருப்பைக்கூடக் கழற்றாமல் அப்படியே சாய்ந்து தூங்கிப்போனாள்.

உடன்பிறந்தவளிடம் நன்றி என்று சொன்னால் வேற்று ஆளிடம் பேசுவதுபோல் இருக்கும். கிளி தரையில் அமர்ந்து, அக்காவின் செருப்பு வாரை மெல்லத் தளர்த்தி, ஒவ்வொன்றாகக் கழற்றி ஓரமாக வைத்தாள். ஈரத்துணியால் அந்தப் பாதங்களைத் துடைத்தாள். அக்கா விழிக்கவில்லை. பிறகு சத்தமில்லாமல் எழுந்து, உலை வைக்கப் போனாள்.