ஐலி ரண்டாலாவைப் பின்தொடர்ந்த கோல்வலை

ஐலி ரண்டாலா கல்லூரியில் சேர்ந்த முதல் நவம்பரிலேயே, பனி ஹாக்கி அரங்கத்தின் வடபுறக் கோல்வலை அவள் பின்னாலேயே விடுதிக்கு வந்துவிட்டது. ஆறடி அகலம், நாலடி உயரம், சிவப்பு இரும்புக் கம்பம். படியேறத் தெரியாததால் வாசலில் பனியில் நின்றது. கல்லூரி இருந்த கால்மன் ஏரி ஊர்க்காரர்கள் இதற்கெல்லாம் அலட்டிக்கொள்கிற ஜனமில்லை. ஐலி சவுனா என்கிற வெந்நீராவிக் குளியலுக்குப் போனால் வலை வெளியே காத்திருக்கும். சர்ச்சுக்குப் போனால் கடைசி பெஞ்சுக்குப் பின்னால் நிற்கும். யாராவது அதில் ஈரக் கையுறை காயப்போடுவார்கள், அவ்வளவுதான்.

சிக்கல் எங்கே வந்தது என்றால், ஐலி இரண்டாவது கோலி, அதாவது மாற்றுக் கோல்காவல்காரி. இரண்டாவது கோலிக்கு மின்னசோட்டாவில் உள்ள ஒரே உத்தியோகம், வீராங்கனைகள் களத்தில் இறங்கி ஏற, பெஞ்சுக்கு முன்னால் தடுப்பிலுள்ள கதவைத் திறந்து மூடுவது. அவள் கதவடியில் உட்கார்ந்தால் வலையும் அவள் முதுகுப்பக்கம் வந்துவிடும். முதல் கோலி மெரிடித் வெறும் பனியைக் காவல் காக்க வேண்டியதாயிற்று. வேறு வலை கொண்டுவந்து வைத்தார்கள். அதுவும் கிளம்பி வந்தது, கட்டித் தூக்கிக் கடைக்கே திருப்பி அனுப்பினார்கள். பயிற்சியாளர் ஜூபான்ஸுக்கு மூக்குக்கு மேல் கோபம்.

"சரி, தொலையட்டும். நீயே போய் நில்லு."

"வலைக்காகவா கோச்?"

"பின்ன? மெரிடித் உன்னைவிட நல்லா ஆடுறா. உனக்கே தெரியும்."

"அப்ப நான் நிக்கமாட்டேன்." ஐலி திரும்பி வலையை ஓர் உதை விட்டாள். "போ, அவ பின்னாடி நில்லு. வெக்கமா இல்ல உனக்கு?" வலை தயங்கித் தயங்கிப் போய் நின்றது.

அடுத்த மூன்று குளிர்காலமும் எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகு ஐலி அகப்பட்டவரை ரப்பர் வட்டு அடிக்கச் சொல்லி அரங்கில் நின்று அடி வாங்கினாள். தோளில் ஒரு காயம் ஆறுவதற்குள் இன்னொன்று பழுத்தது. "ஏன்டி, கதவு திறக்க இம்புட்டு பயிற்சியா?" என்று தோழிகள் கிண்டலடித்தார்கள். கடைசி வருடக்காரர்களுக்கு மரியாதைக்கு ஒரு ஆட்டம் தருவது அங்கே வழக்கம். அதையும் வேண்டாமென்றாள். திமிர் என்றது ஊர். திமிர்தான், யார் இல்லையென்றது?

அந்த வருட அரையிறுதியில் மெரிடித் மூன்று கோல் விட்டாள். ஜூபான்ஸ் பெஞ்சுப் பக்கம் திரும்பினார். "ஐலி, எழுந்திரு."

"வலைக்காகவா?"

"அடி போடி! ஒரு மாசமா நீதான் அவளைவிட நல்லா தடுக்கிறே. போ!"

போனாள். ஸ்கேட்டால் பனியைச் சுரண்டிச் சொரசொரப்பாக்கி, கம்பம் இரண்டையும் மட்டையால் தட்டிவிட்டு நின்றாள். அவளுடைய அணி மூன்று கோலையும் ஈடுகட்டியது. ஆட்டம் முடிகிற நேரத்தில் எதிரணிக்காரி ஒருத்தி தனியாக வந்து அடித்த வட்டு ஐலியைத் தாண்டியது. வலை ஒரு முழம் தள்ளி நின்றுகொண்டது. நடுவர் விசிலடித்தார்: வலை நகர்ந்தால் கோல் இல்லை. அரங்கம் கூரை பிய்ந்துபோகக் கத்தியது.

ஐலிக்கு முகம் சிவந்தது. நேராக நடுவரிடம் போனாள். "வலை என்னுது சார். அது நகர்ந்தா நான் நகர்த்தின மாதிரி. அவளுக்கு என்னோட ஒத்தைக்கு ஒத்தை தனி ஷாட் கொடுங்க."

"பைத்தியமாடி நீ!" என்று பெஞ்சிலிருந்து அலறினார்கள். நடுவர் உள்ளூர்க்காரர், யோசித்துப் பார்த்து, நியாயம்தான் என்றார்.

ஐலி வலைக்குள் குனிந்தாள். "அசைஞ்சே, உலைல போட்டுடுவேன்."

எதிரணிக்காரி வந்தாள், வலப்பக்கம் ஏமாற்றி இடப்பக்கம் அடித்தாள். ஐலியின் கையுறைக்குள் வட்டு தொப்பென்று விழுந்தது. வலை அசையவில்லை. அசைய வேண்டிய அவசியமும் வரவில்லை.

மே மாதம் பட்டம் வாங்கி அவள் டுலூத் நகரத்துக்குக் குடிபோனபோது வலையும் நெடுஞ்சாலையோரமாக வண்டிக்குப் பின்னால் போனது. கல்லூரி புதிதாக ஒன்று வாங்கிக்கொண்டது.