கெய்த்தா திட்டாத மாலை

அன்று காலையிலிருந்தே தெனின் கூலிபாலிக்கு வலது முழங்கால் வலியைத் தவிர வேறு எதுவும் நினைவில் இல்லை. சேகு நகரிலிருந்து வந்திருந்த ஆறு பள்ளி ஆசிரியர்களை அருங்காட்சியகத்தில் முகமூடிகளின் முன் நிறுத்திக் கதை சொன்னாள். பெரிய சந்தையில் துணிக்கு விலை பேசிக் கொடுத்தாள். ஆற்றங்கரையில் அவர்கள் பொரித்த மீன் சாப்பிட்டபோது, கரையேற்றியிருந்த படகில் சாய்ந்து நின்றாள். உட்காரவில்லை. உட்கார்ந்தால், எழுந்திருக்க அவள் படும் பாட்டை அவர்கள் பார்த்துவிடுவார்கள்.

மிச்சமிருந்தது குன்று. பமாக்கோ நகரை அந்தி வெளிச்சத்தில் மேலிருந்து காட்டாமல் எந்த வழிகாட்டியும் ஆட்களை ஊருக்கு அனுப்புவதில்லை. இருநூற்றுப் பன்னிரண்டு படிகள். அவள் நொண்டி ஏறுவதாகப் போன மாதம் யாரோ புகார் சொல்ல, மேலாளர் அவளைக் கூப்பிட்டுவிட்டார்.

"ஏற முடியாதவங்களுக்கு இங்க வேலை இல்லம்மா. முடியுதா, சொல்லிடுங்க."

முடிகிறது என்றாள். அன்றிலிருந்து தினமும் அந்தப் பொய்யைக் குன்றின் உச்சிவரை சுமந்து போய்த் திரும்பிக்கொண்டிருந்தாள்.

குன்றின் அடியில் காவலுக்கு இருப்பவன் சுமானா கெய்த்தா. ஏறுகிறவர்களுக்கு ஊன்றுகோல் எடுத்துக் கொடுப்பதும் அவன்தான். கெய்த்தா குலத்தாரும் கூலிபாலி குலத்தாரும் எதிர்ப்பட்டால் கேலி பேசியாக வேண்டும். பாட்டன் பூட்டன் காலத்து ஏற்பாடு அது. என்ன சொன்னாலும் கோபித்துக்கொள்ளக் கூடாது. பேசாமல் போனால்தான் மனத்தாங்கல்.

பத்தொன்பது வருடமாக அவளைப் பார்த்ததும் அவன் வாயில் வருவது ஒன்றுதான்: பயறு தின்கிறவள் என்று இரு குலத்தாரும் ஒருவரையொருவர் சொல்லும் பழைய வசை. நேற்றுகூட, "வந்துட்டாளா பயறுதின்னி. வயித்துல இருக்கற மூட்டைய எறக்கி வெச்சுட்டு ஏறு, படி தாங்காது" என்றான். "நீ உன் வீட்டுச் சட்டிய நக்கி முடிக்கறதுக்குள்ள நான் ஏறி எறங்கிடுவேன் போடா" என்று சொல்லிவிட்டு ஏறினாள்.

இன்று ஆசிரியர்கள் முன்னால் ஏறிவிட்டார்கள். மூன்றாவது படியில் தெனினின் கால் மடங்கியது. கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். நெற்றியில் வியர்வை துளிர்த்தது. சுமானா ஓடி வந்தான். குரலைத் தாழ்த்திச் சொன்னான்.

"நீங்க உட்காருங்கக்கா. நான் கூட்டிட்டுப் போறேன்."

நீங்க. அக்கா.

நோயாளி வீட்டில் பேசுவதுபோலப் பேசுகிறான். மேலாளர் கேட்டபோதுகூட அவளுக்கு இவ்வளவு வலிக்கவில்லை. அவரிடம் பொய் சொல்ல முடிந்தது. இவனிடம் என்ன சொல்வது?

"யார்கிட்டடா பேசற?"

அவன் தரையைப் பார்த்தான்.

"திட்டு," என்றாள்.

"எப்படிக்கா..."

"தினமும் எப்படித் திட்டுவியோ அப்படி."

அவன் கைப்பிடிக் கம்பியின் துருவைச் சுரண்டினான். சரிவில் ஓர் ஆடு கல்லை உருட்டிவிட்டது. மேலே பத்தாவது படியில் ஆசிரியர்கள் நின்று திரும்பிப் பார்த்தார்கள்.

"கெய்த்தாங்களுக்கு வாய் செத்துப்போச்சா?" என்று தெனினே ஆரம்பித்தாள். "காலையில பயறு கெடைக்கலயா உனக்கு?"

சுமானா மேலே பார்த்துச் சத்தமாகச் சொன்னான்: "வாத்தியாருங்களா, நீங்க என்கூட வாங்க. இந்தப் பயறுதின்னி மத்தியானம் ஒரு பானைய காலி பண்ணிட்டு வந்திருக்கா. இனி கயிறு கட்டித்தான் தூக்கணும்."

மேலே சிரிப்பு எழுந்தது. ஒல்லியாக இருந்த ஆசிரியர் ஒருவர், "நானும் கெய்த்தாதான். காலையில பார்த்தப்பவே சந்தேகப்பட்டேன்" என்றார். தெனினும் சிரித்தாள். சுமானா மட்டும் சிரிக்கவில்லை.

அவர்கள் சுமானாவோடு மேலே போனபின் தெனின் படியிலேயே உட்கார்ந்தாள். ஆறும் பாலங்களும் பள்ளிவாசல் கோபுரங்களும் அங்கிருந்து தெரியாது. ஒரு மரமும் சுவரும்தான் தெரிந்தன. இன்றைக்கு ஒரு கேலி அவளை மறைத்தது. நாளைக்கும் அவன் மறைப்பான். மறைத்து மறைத்து, ஒருநாள் மறுபடி 'அக்கா' என்பான். அதை இன்னொரு தடவை கேட்கத் தன்னால் முடியாது என்று தோன்றியது.

வெளிச்சம் மங்கும்போது இறங்கி வந்தார்கள். சுமானா கடைசியாக வந்து அவளருகே நின்றான்.

"மேல அவங்க கேட்டது ஒண்ணுக்கும் எனக்குப் பதில் தெரியல. கீழ இருக்கற பயறுதின்னியக் கேளுங்கன்னுட்டேன்."

"கெய்த்தாவுக்கு என்ன தெரியும்," என்றாள். பிறகு கையை நீட்டினாள். "ஒரு கம்பு குடு."

வலி வந்த இத்தனை மாதமும் அவள் தொடாத கம்பு. அவன் ஒவ்வொன்றாகத் தரையில் ஊன்றிப் பார்த்து, உயரமானதை எடுத்துக் கொடுத்தான்.

வாசலுக்குப் போகும் வழியில்தான் அலுவலகம். விளக்கு எரிந்தது. ஜன்னலருகே மேலாளர் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். ஆசிரியர்களை முன்னே போகச் சொல்லிவிட்டு, தெனின் கம்பை ஊன்றி ஊன்றி, சத்தம் கேட்கும்படியே கதவை நோக்கி நடந்தாள்.