திரைமேல் பொட்டலம்

1988 ஜூன் 6, திங்கட்கிழமை, சிராங்கூன் சாலையில் ஒரு கப்பல் முகவரின் மாடி அலுவலகத்துக்குத் தட்டைத் திரை கொண்ட கணினி ஒன்று வந்தது.

அது மேலாளர் சூசைநாதனின் மேசைக்குப் போனது. மூடியைத் தூக்கினால் ஆரஞ்சு எழுத்துகள். அவர் அதில் எதையும் தட்டவில்லை. வருகிறவர்களுக்குத் திறந்து காட்டினார். சரக்கு விவரங்களைத் தட்டிய ரூபிக்கும் ஆயிஷாவுக்கும் பழைய பெட்டித் திரைகள்தான்.

பெட்டித் திரையின் தலை எப்போதும் சுடும். சூசைநாதன் காலையிலேயே வாங்கிவரும் ஆட்டுக்கறிப் பிரியாணி, மதியம்வரை அவருடைய பழைய திரைமேல்தான் சூடாக இருக்கும். புதியதன்மேல் ஒரு பேனாகூட நிற்காது. ஆகவே பொட்டலம் ரூபியின் திரைக்கு மாறியது.

ரூபிக்கு நான்காம் மாதம். பிரசவம்வரை இந்த வேலையில் இருந்துவிட வேண்டும் என்பதுதான் அவள் கவலை. கொழுப்பு உருகும் வாடை நேரே அவள் முகத்தில் அடித்தது. காகிதத்தில் ஊறிய எண்ணெய் திரையின் காற்றுத் துளைகளில் இறங்கி, தூசியோடு சேர்ந்து பழுப்புப் பசையானது. பிறகு உள்ளிருந்து கரப்பான்கள் வந்தன. ஒன்று, தட்டிக்கொண்டிருந்த அவள் விரல்மேலேயே ஏறியது.

“சார், பொட்டலத்தை வேற எங்கயாச்சும் வைங்க. குமட்டுது.”

“மாசமா இருந்தா எல்லாந்தான் குமட்டும் லா. என் பொண்டாட்டிக்கு நான் பக்கத்துல போனாலே குமட்டுச்சு.”

“இப்ப மட்டும் என்னவாம்,” என்றாள் ஆயிஷா, தலை நிமிராமல்.

சூசைநாதன் சிரித்தார். பொட்டலம் அங்கேயே இருந்தது.

ஒரு மதியம் முதலாளி அப்துல் கஃபார் ஒரு வாடிக்கையாளரை அழைத்துவருவதாகத் தொலைபேசியில் சொன்னார். புதிய கணினியில் கப்பல் பட்டியலைத் திறக்கச் சூசைநாதனுக்குத் தெரியவில்லை. ரூபியைக் கூப்பிட்டார். அவள் குனிந்து தட்டும்போது பக்கத்தில் அவர் பொட்டலத்தைப் பிரித்தார். நெய்ச் சோற்றில் ஒரு கரப்பான் காலாட்டிக்கொண்டு கிடந்தது. அதன் மீசையைப் பிடித்துத் தூக்கிக் குப்பைக் கூடையில் போட்டார். அது கிடந்த இடத்துச் சோற்றையே பிசைந்தார்.

“சார்!”

“தூக்கிப் போட வேண்டியது அதைத்தானே, பிரியாணியையா?” என்று வாயில் கவளத்தோடு கேட்டார். ஒரு பருக்கை அவள் கையில் வந்து விழுந்தது.

ரூபி வாந்தியெடுத்தாள். திரை, விசைகள், மூடியின் கீல் எல்லாம் நனைந்தன. ஆரஞ்சு எழுத்துகள் அணைந்தன. அப்துல் கஃபார் வாடிக்கையாளரோடு படியேறி வந்தபோது சூசைநாதன் கை கழுவிக்கொண்டிருந்தார்.

அந்த மாதக் கடைசியோடு ரூபியை வேலையிலிருந்து நிறுத்தினார்கள்.